விற்காத துணி

“அந்தக் கோட்டை எடுத்து மேஜை மேல வை.”

கத்திரியக்கா நிமிராமலேயே சொன்னாள். புதிதாகச் சேர்ந்தவள் தெரியாதவள் போலக் கேட்டாள்.

“எந்தக் கோட்டு அக்கா?”

“மேஜைக்குக் கீழ காலால தள்ளி வெச்சிருக்கியே, அந்தச் சின்னது. சிவப்பு.”

அந்தப் பெரிய துணிக்கடையின் பின்னறையில் இருவருக்கும் ஒரே வேலைதான். சீசன் முடிந்தும் விற்காத உடுப்புகளை வெட்டி, மூட்டை கட்டிக் குப்பையில் போடவேண்டும். எல்லாம் புத்தம் புதுசு, விலைச்சீட்டுகூடக் கழற்றாதவை. மலிவாக விற்றால் கம்பெனியின் மதிப்பு இறங்கிவிடுமாம். சும்மா கொடுத்தால் மானமே போய்விடுமாம். கடையின் முன்பக்கம் ‘பூமியைக் காப்போம்’ என்று ஆளுயரப் பலகை, பின்பக்கம் இந்தக் கூத்து. முழு உடுப்பு ஒன்று வெளியே போனாலும் வேலை காலி.

“அக்கா, என் பொண்ணுக்கு மூணு வாரமா இருமல். இந்தக் குளிர்ல வெறும் சட்டையோட ஸ்கூலுக்குப் போயிட்டு வருது. எப்படியும் குப்பைக்குத்தானே போகுது? பார்க்காத மாதிரி இருந்துடுங்களேன்.”

“தலைக்கு மேல கேமரா இருக்கு.”

“மேஜைக்குக் கீழ அதுக்குத் தெரியாதுக்கா.”

“எனக்குத் தெரியுதே.”

கடையில் யாரும் கத்திரியக்காவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இந்த அறைக்கு அனுப்பினால் மற்றவர்கள் வயிற்றுவலி என்று லீவு போடுவார்கள். இவள் மட்டும் ஆறு வருஷமாகத் தானே கேட்டு வாங்கிச் செய்கிறாள். அதுவும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக, ரசித்து ரசித்து. கல்நெஞ்சுக்காரி என்று சொன்னவர்கள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை என்று புதியவளுக்கு இப்போது தோன்றியது.

கதவு திறந்தது. தலைமை அலுவலகத்து அதிகாரி கையில் பட்டியலோடு உள்ளே வந்தார்.

வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கட்டி வைத்த மூட்டையைக் கவிழ்த்தார். துண்டுகளை இழுத்து இழுத்துப் பார்த்தார். விலைச்சீட்டுகளை விரலால் தள்ளி எண்ணினார்.

“சின்னப் பிள்ளைங்க கோட்டு நாப்பது இருக்கணும். முப்பத்தொம்பதுதான் இருக்கு.”

கோட்டு புதியவளின் காலடியில்தான் கிடந்தது. இந்த வேலையும் போனால் மகளுக்குக் கோட்டு என்ன, மருந்துகூட வாங்க முடியாது.

“யாரும்மா எடுத்தது?”

கத்திரியக்கா குனிந்தாள். புதியவளின் காலுக்கடியிலிருந்து கோட்டை உருவி மேஜையில் போட்டாள்.

“இதோ இருக்கு சார். இன்னும் வெட்டலை.”

“கீழ ஏன் போச்சு?”

“மேஜையில எடம் இல்ல.”

அதிகாரி புதியவளை மேலும் கீழும் பார்த்தார். “சரி, என் கண்ணு முன்னாலயே வெட்டுங்க.”

கத்திரியக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். கோட்டின் இடது கை தனியாக விழுந்தது. பிறகு வலது கை. கழுத்தோடு தைத்திருந்த தொப்பி தனியாகப் போனது. முதுகு இரண்டானது. அவள் கொஞ்சம்கூட அவசரப்படவில்லை. புதியவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

அதிகாரி துண்டுகளைத் தூக்கிப் பார்த்து முகம் மலர்ந்தார். “பிரமாதம்! உங்கள மாதிரி விசுவாசமான ஆளுங்களாலதான் கம்பெனி நிக்குது.”

“நன்றி சார்.”

கதவு சாத்தியதும் புதியவள் வெடித்தாள்.

“உங்களுக்குப் பிள்ளைகுட்டி இருக்கா, இல்லையாக்கா? நான் என்ன உங்க வீட்டுச் சொத்தையா கேட்டேன்? வைக்கோல்போர் நாய்கூடக் குரைக்கத்தான் செய்யும். நீங்க கடிச்சுக் குதறிட்டீங்களே!”

“பேசி முடிச்சிட்டியா? மூட்டையைக் கட்டு.”

அழுகையும் ஆத்திரமுமாகப் புதியவள் துண்டுகளை வாரி மூட்டைக்குள் திணித்தாள். கடைசியில் அந்தச் சின்னச் சிவப்புக் கை மட்டும் அவள் கையிலேயே நின்றது. எந்த இடத்தில் வெட்டினாள் பாவி என்று திருப்பிப் பார்த்தாள்.

வெட்டையே காணோம்.

துணியில் ஒரு கீறல்கூட இல்லை. ஓரத்தில் அறுந்த நூல் மட்டும் பிசிறு பிசிறாக நின்றது. இன்னொரு கையை எடுத்துப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான். முதுகும் தொப்பியும்கூட அப்படித்தான்.

“அக்கா...”

“மேல பார்க்காத. கேமராவுக்குக் கண்ணுதான், காது கிடையாது. கட்டிக்கிட்டே கேளு.” கத்திரியக்காவின் குரல் இறங்கியது. “சாயங்காலம் பின்சந்துல தையல்காரம்மா ஒருத்தர் தள்ளுவண்டியோட நிப்பாங்க. துண்டுத் துணியை யார் எடுத்துட்டுப் போனாலும் கம்பெனி கேக்காது. சிவப்பை மேலாக வெச்சுக் கட்டு. ராத்திரியே திரும்பத் தைச்சுடுவாங்க, பொண்ணு நாளைக்கே போட்டுக்கிட்டுப் போகும்.”

புதியவளுக்குத் தான் பேசிய பேச்சை எல்லாம் அள்ளித் திரும்ப விழுங்கிவிடலாம் போல இருந்தது.

“ஆனா அக்கா... கடை முழுக்க உங்கள வாய்க்கு வந்தபடி பேசுறாங்களே. எத்தனை ஆயிரம் துணியை வெட்டின கைன்னு...”

கத்திரியக்கா அடுத்த உடுப்பை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நான் இதுவரைக்கும் ஒரு துணியைக்கூட வெட்டினதில்லம்மா. நூலை மட்டும்தான்.”