உச்சியில் இருந்த மாஸ்டர்

பழனி இருக்கும் திசையைப் பார்த்துச் சத்தியம்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஆத்தூரில் வேலையில்லாத இளைஞர்களுக்குத் தென்னை ஏறப் பயிற்சி கொடுக்க, சொர்ணலட்சுமியின் மகளிர் குழு மானியம் கேட்டு விண்ணப்பித்திருந்தது. பயிற்சியாளரை நேரில் பார்த்தால்தான் மானியம் என்று அதிகாரி தோப்புக்கே வந்துவிட்டார்.

"மாஸ்டர் எங்கம்மா?"

"அந்தா, உச்சியில இருக்காரு சார். என் வீட்டுக்காரருதான்."

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். மலைச்சாமி மரத்தை இறுகக் கட்டிப்பிடித்திருந்தார்.

"கண்ண மூடியிருக்காரே?"

"இருட்டுலயும் ஏறணும்ல சார், அதுக்குப் பழகுறாரு."

"செத்த இறங்கச் சொல்லுங்க, பேசணும்."

"வேலை நேரத்துல சாமியே கூப்பிட்டாலும் இறங்க மாட்டாரு சார்."

இப்படியும் ஒரு கடமை உணர்வா என்று சிலிர்த்துப்போன அதிகாரி, அங்கேயே மானியத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். ஜீப் மறைந்ததும் சொர்ணலட்சுமி கத்தினாள்.

"மானியம் கிடைச்சிருச்சு, இறங்குங்க மாமா!"

"அடியே, வைக்கோல்போருக்குள்ள ஒளிச்சு வச்சியே ஏணி, அத மொதல்ல எடுத்துட்டு வா! மரமேற எனக்கு என்னிக்குடி தெரிஞ்சுச்சு?"

இன்னொன்றும் உண்மை. அந்த ஒரு மரத்தைத் தவிர, தோப்பு முழுக்கக் குட்டை ரகத் தென்னைதான். இளநீரைத் தரையில் நின்றே பறிக்கலாம்.