பத்து எம்பி

மெயில் மறுபடியும் திரும்பி வந்திருந்தது.

அவன் திரையைப் பார்த்தான். அனுப்பியவர் சுகந்தி. பெறுபவர் நிகேதன், புனே கிளை. காரணம்: அளவு அதிகம்.

சுகந்தி அவன் மனைவி. அதே பம்பு கம்பெனியில், மேல்மாடியில், டிசைன் பிரிவில் இருந்தாள்.

மெயில் சர்வர் அவன் பொறுப்பு. ஒரு மெயிலின் அளவு பத்து எம்பியைத் தாண்டக் கூடாது என்பது அவன் வைத்த வரம்பு. கேட்டவர்களுக்கெல்லாம் கூட்டிக் கொடுத்திருக்கிறான்.

அவளும் கேட்டாள். வீட்டில், சப்பாத்தி தேய்த்துக்கொண்டே.

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றான்.

அவள் நம்பினாள்.

யாருடைய மெயிலையும் திறந்து பார்க்க அவனால் முடியும். பார்க்கக் கூடாது. பார்த்தான்.

வால்வு டிராயிங்குகள். அளவுகள். ஒரு திருத்தம். வேறொன்றுமில்லை.

முன்பு போய்ச் சேர்ந்த ஒரு சின்ன மெயிலுக்கு நிகேதன் போட்ட பதிலில், கடைசி வரி மட்டும்: 'சாப்பிட்டாச்சா சுகந்தி?'

அவ்வளவுதான்.

அன்று முழுக்க அவனுக்கு வேலை ஓடவில்லை. தான் எப்போது அவளை அப்படிக் கேட்டோம் என்று யோசித்தான். நினைவுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் டிராயிங்கைத் துண்டு துண்டாக அனுப்பிப் பார்த்தாள். அங்கே அது ஒன்று சேரவில்லை. வெளி இணையதளங்களில் ஏற்றி அனுப்பலாம் என்றால், அதற்கும் தடை. அதுவும் அவன் போட்டதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் பெட்டியை இறக்கினாள்.

"மெயில்ல போகலைன்னா நேர்லயே கொண்டு போயிடுன்னு சார் சொல்லிட்டாருங்க. டிக்கெட்டும் போட்டாச்சு. ஒரு வாரம்."

அவன் லேப்டாப்பைத் திறந்தான். வரம்பை நூறாக்கினான்.

"இப்ப அனுப்பிப் பாரேன். போகும்."

"ரூல்னீங்க?"

"மாத்திட்டேன்."

அவள் சுடிதாரை மடித்துக்கொண்டே சிரித்தாள்.

"பரவால்லைங்க. எதிர்ல உக்காந்து பேசினா சீக்கிரம் முடியும்னு அவரும் சொன்னாரு."

யார் என்று அவன் கேட்கவில்லை.

"புனேல இப்ப குளிருமாங்க?"

அவன் எழுந்து பீரோவைத் திறந்தான். தன்னுடைய ஸ்வெட்டரை எடுத்து நீட்டினான்.

அது அவளுக்குத் தொளதொளவென்றிருக்கும். இருவருக்கும் தெரியும்.

அவள் ஒரு நொடி அவன் முகத்தைப் பார்த்தாள்.

வாங்கி, பெட்டியின் அடியில் வைத்தாள். அதன் மேல் மற்ற துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.