கொக்குகளுக்கு ஓர் ஓட்டு

"உங்க ஊர்ப் பாலத்துக்குப் பேர் வைக்கிற மசோதாவெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், ரெம்பல். முதல்ல இதைக் கொண்டு வாங்க."

ரோவீனா டகெட் மேசைமேல் வைத்த மசோதாவைத் தொடவே கேலன் ரெம்பலுக்குப் பயமாக இருந்தது. கான்சஸ் சட்டமன்றத்துக்குள் அவர் காலடி வைத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தொகுதி உறுப்பினர் உடம்பு சரியில்லை என்று பாதியில் விலகிவிட, அறுபது வயதுக் கோதுமை விவசாயியான இவரைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது கட்சி. ரோவீனா எதிர்க்கட்சி. வயதில் இவரைவிட இளையவர் என்றாலும் இந்தச் சபையில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

"நீங்க டெமாக்ரட், நான் ரிபப்ளிகன். எங்க ஆளுங்க என்னை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுடுவாங்க."

"நான் கொண்டு வந்தா இது விழுந்துடும். நீங்க கொண்டு வந்தா நிக்கும். இது உங்க ஊர் சதுப்பு நிலத்தைப் பத்தினதுதானே? உங்களுக்கு இல்லாத அக்கறையா?"

அந்த வார்த்தைதான் கேலனைப் பிடித்துக்கொண்டது. வசந்தத்தில் ஆயிரக்கணக்கான கொக்குகள் வந்து இறங்கும் சதுப்பு அது. அதை வற்றவைத்து நிலமாக்க ஒரு நிறுவனம் பம்புகளோடு காத்திருந்தது. சதுப்பைத் தொடக்கூடாது, பக்கத்து வறண்ட மேட்டில் காற்றாலை வைக்கும் விவசாயிக்கு வரிச்சலுகை உண்டு என்றது மசோதா. இது விழுந்தால் அடுத்த வருடம் கொக்கும் இல்லை, கிணற்றில் தண்ணீரும் இல்லை.

"சரி, கொடுங்க" என்றார் கேலன்.

விவாத நாள் வந்தது. முதல் கேள்வியோடு எழுந்தார் மெர்ல் ஸ்டாக்கர். கேலனின் கட்சிதான், ஆனால் சதுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்.

"ஏம்ப்பா கேலன், இந்தக் கொக்கெல்லாம் டெக்சாஸ்லேர்ந்துதானே வருது? வெளியூர்ப் பறவைக்கு நாம எதுக்கு இடம் கொடுக்கணும்?"

"அது ஒரு மாசத்துல போயிடுங்க."

"போகும்போது சொல்லிட்டுப் போகுமா?"

சபை சிரித்தது.

"கொக்கு எந்தக் கட்சி?" என்றார் இன்னொருவர்.

"தெரியலீங்க. ரெண்டு பக்கமும் இறக்கை இருக்கு."

"காத்தாடி சுத்துறதைப் பார்த்து மாட்டுக்குத் தலை சுத்தினா யார் பொறுப்பு?"

"எங்க மாட்டுக்குச் சுத்தல. நான் பேச ஆரம்பிச்சா என் வீட்டுக்காரிக்குத்தான் சுத்தும்."

கேட்டவர்கள் கேலி செய்கிறார்களா, நிஜமாகவே கேட்கிறார்களா என்று அவருக்குப் பிடிபடவில்லை. எழுதி வைத்திருந்ததைப் பார்க்காமல் மனதில் வந்ததைச் சொன்னார்.

"எங்க ஊர்ல வேலித் தகராறுல பேச்சை நிறுத்தின அண்ணன் தம்பி இருக்காங்க. சாயங்காலம் கொக்கு இறங்குறப்போ மட்டும் வேலிக்கு ரெண்டு பக்கமும் நின்னு சேர்ந்து பார்ப்பாங்க. அதையும் போக விட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட ஊருக்குத் திரும்புறது?"

சபாநாயகர் வாக்கெடுப்பை அறிவித்தார். சுவரில் இருந்த பெரிய பலகையில் உறுப்பினர் பெயர்களுக்குப் பக்கத்தில் விளக்குகள் எரியத் தொடங்கின. சிவப்பு. சிவப்பு. பலகை முழுக்கச் சிவப்பு. பச்சையாக எரிந்தது கேலனின் பெயர் ஒன்றுதான்.

அவர் ரோவீனாவின் பெயரைத் தேடினார். அதுவும் சிவப்பு.

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாளே என்று கேலன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அப்போது யாரோ கனைத்தார்கள். நிமிர்ந்து பார்த்தால், பலகையில் ஒரு பெயர் பச்சைக்கு மாறியிருந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக. எல்லோருக்கும் கடைசியாக, கசப்பு மருந்து குடிப்பவர் முகத்தோடு மெர்ல் பச்சையை அழுத்தினார். கைதட்டல் அடங்கவே நேரமானது.

மதியம் சட்டமன்ற உணவகத்தில் கேலன் அந்த ஊர் வழக்கப்படி மிளகாய்க் குழம்பில் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார். அன்று அவருக்கு உலகமே ருசித்தது. எதிரில் ரோவீனா.

"நீங்களுமா சிவப்பு?"

"கை தவறிடுச்சு" என்று சிரித்தார் ரோவீனா.

அந்தப் பக்கம் வந்த மெர்ல் தொப்பியைத் தூக்கி ரோவீனாவுக்கு வணக்கம் வைத்தார்.

"பத்து வருஷமா இந்த மசோதாவைப் புதைச்சுக்கிட்டு இருந்தேன். கடைசியில என் கையாலேயே பச்சையை அழுத்த வெச்சுட்டியே, ரோவீனா. பலே ஆள்தான் நீ."

அவர் போனதும் கேலன் பெருமையோடு முன்னால் சாய்ந்தார். "பார்த்தீங்களா, அந்த மனுஷனையே என் பேச்சு கரைச்சுடுச்சு. ஆனா ஒண்ணு கேக்கணும். இவ்வளவு பேர் இருக்கறப்போ என்னைத் தேடி வந்தீங்களே. நான் ரிபப்ளிகன்ங்கறதாலதானே?"

"உங்க கட்சிக்காரங்களை விட்டுக் கொண்டு வந்தும் பார்த்துட்டேன். அப்பவும் விழுந்துச்சு."

"அப்போ என் பேச்சுத் திறமைக்காகவா?"

ரோவீனா அவர் தட்டிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

"பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இந்தச் சபையில புது ஆளோட முதல் மசோதாவைக் கிண்டலடிச்சு, எல்லாருமா சிவப்பைக் காட்டி வயித்தைக் கலக்கிட்டு, அப்புறம் ஒருத்தர் விடாம பச்சை போட்டு வரவேற்கிறது வழக்கம். அதை இதுவரைக்கும் யாரும் மீறினதில்லை. இந்த வருஷம் அந்த முதல் மசோதாவைச் செலவழிக்காம கையில வெச்சிருந்த ஒரே ஆள் நீங்கதான், ரெம்பல்."