வெற்று முதுகு

ஃபுளோரிடாவின் ஜனவரிக் காலை. மின்நிலையத்து வெந்நீர் வந்து விழும் வாய்க்காலில் ஆவி எழுகிறது. குளிருக்கு ஒதுங்கிய கடற்பசுக்கள் சாம்பல் நிற மூட்டைகளாய் மிதக்கின்றன. அவற்றைப் பதிவு செய்ய வந்து கரையில் குந்தியிருக்கும் லொரெய்ன் மடியில், வெற்று முதுகோடு அச்சடித்த கடற்பசுப் படம். படகு எஞ்சினின் விசிறி கிழித்த தழும்புகளை அதில் வரைந்தால்தான் பதிவேட்டில் ஒரு கடற்பசுவுக்குப் பெயர் ஏறும். தழும்பில்லாததை இன்னதென்று அடையாளம் சொல்ல யாராலும் முடியாது. பதினேழு தழும்புகளோடு தாய் ஒன்று மூச்சுவிட மேலே வருகிறது. கூடவே, இரண்டு குளிர்காலமாகப் பெயரில்லாமல் வந்துபோகும் அதன் குட்டி. இன்று குட்டியின் முதுகில் நான்கு வெட்டுகள். உள்ளே கொழுப்பு வெள்ளையாய்த் தெரிகிறது. "போன வருஷம், ஒரு கீறலாவது இருந்தா தேவலைன்னு அலுத்துக்கிட்டியே, இந்தா நாலு," என்கிறான் கூட வேலை பார்க்கும் வெண்டல், கேமராவை இறக்காமலே. லொரெய்ன் பென்சிலைக் காகிதத்தில் வைக்கிறாள். "இரு, அது பச்சைப் புண்ணு. ஆறித் தழும்பானாத்தான் ஏட்டுல ஏத்துவாங்க," என்கிறான் வெண்டல். "ஆறலைன்னா?" குட்டி தாயின் அடிவயிற்றை ஒட்டி மெல்ல அமிழ்கிறது, அது போன வழியில் தண்ணீர் சிவக்கிறது. "ஆறலைன்னா அதுக்குப் பேரு எதுக்கு?" என்றபடி வெண்டல் கேமராவை அடுத்த முதுகுக்குத் திருப்புகிறான்.