மலர்வளையத்தின் ரிப்பன்

பொறியியல் பல்கலைக்கழக மண்டபத்தில், இந்த ஆண்டு இறந்துபோன பழைய மாணவர்களின் படங்கள் வெள்ளைச் சாமந்திக்கு நடுவே வரிசையாக நிற்கின்றன. கடைசிப் படம் என் வகுப்புத் தோழன் தோ கியூசிக். பக்கத்தில் ஆளுயர மலர்வளையம். அதில் தொங்கும் ரிப்பனில் அனுப்பியவர் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது: கட்டுமான இயக்குநர் நம்குங் ஹியோக். செத்தவன் பெயர் எங்குமில்லை, எங்கள் நாட்டு வழக்கம் அப்படி. ஏசிக் காற்றில் ரிப்பன் பறந்து பறந்து கியூசிக்கின் வாயை மூடுகிறது. அவன் மனைவி உன்சுக் இரண்டு முறை அதை ஒதுக்கிவிடுகிறாள். மூன்றாம் முறை, பூக்காம்பு நறுக்க வைத்திருந்த கத்தரிக்கோலை எடுத்து ரிப்பனை வெட்டுகிறாள். முன்வரிசையிலிருந்து நம்குங் பாய்ந்து வருகிறார். “என்ன தங்கச்சி இது? நாலு பேர் பாக்குறாங்க.” “பாக்கட்டும் சார். பாலம் உறுதியா இருக்குன்னு கையெழுத்துப் போட வேண்டியது நீங்க. ஜூனியர்தானேன்னு எம் புருஷனப் போட வெச்சீங்க. பாலம் விழுந்துச்சு, அவரு ஜெயிலுக்குப் போனாரு.” மண்டபத்தில் இருநூறு பொறியாளர்கள், எல்லோரும் கையிலுள்ள நிகழ்ச்சி நிரலைப் புரட்டுகிறார்கள். நானும்தான். உன்சுக் ரிப்பனை நாலாக மடித்து அவர் கோட்டுப் பையில் திணிக்கிறாள். “அன்னிக்கு ஒளிச்சு வெச்ச பேரு, இன்னிக்கு மட்டும் எதுக்கு இவ்ளோ பெருசா?”