புதுப்பித்த ஒப்பந்தம்

பிற்பகல் வெயில் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. சர்வர் அறைக்குள் குளிர்காற்று இரைகிறது. ஒரே பெரிய கணினிக்குள் பன்னிரண்டு யூனிக்ஸ் சர்வர்களைத் தனித்தனிக் கணினிகள் போல ஓடவைத்திருக்கும் அவள், சால்வையை இழுத்துப் போர்த்தியபடி மேலாளர் நீட்டிய ஒப்பந்தத் தாளைப் படிக்கிறாள். உரிமக் கட்டணமும் பராமரிப்பும் சேர்த்து இந்த வருஷம் இரண்டு மடங்கு. "கட்டித்தான் ஆகணும்மா. இல்லேன்னா, பழுதானா ஒருத்தரும் எட்டிப் பார்க்கமாட்டாங்க," என்கிறார் அவர், தரையைப் பார்த்தபடி. "ஆனா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் இனிச் சம்பளம். யாருன்னு நீயே சொல்லிடு." அவள் தாளை நான்காக மடித்துக்கொண்டு வெளியே வருகிறாள். பதினோரு வருஷமாகப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்க்கும் அக்கா, இவளுக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றி வைத்திருக்கிறாள். "என்னடி சொன்னார்? ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சாச்சா?" "ஆச்சுக்கா." "அப்பாடா! வயித்துல பாலை வார்த்தே," என்று அக்கா கோப்பையை அவள் பக்கம் நகர்த்துகிறாள்.