சுத்தக் கறுப்பு

நாய்க்காரர் ஒவ்வொரு முறை குட்டிகளைக் கூப்பிடும்போதும் பலகைத் தரையில் காலால் ஒரு தட்டுத் தட்டுகிறார். குட்டி வாங்க வந்த ஆட்டுக்காரியின் கண் அந்தக் காலை விட்டு நகரவில்லை. தட்டியதும் பலகை அதிர, குட்டிகள் ஓடி வருகின்றன. முந்திக்கொண்டு வருவது பால் போல் வெளுத்த ஒன்று. ஜன்னல் வெயிலில் அதன் காதோரம் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. "இதையே எடுத்துக்கம்மா. என்ன சூட்டிகை பாரு." தாய் மூலையில் படுத்திருக்கிறது. சாம்பலில் கரித்துண்டுகளைச் சிதறவிட்டது போன்ற உடம்பு. அந்த நிறத்தில் இரண்டு சேர்ந்தால் சில குட்டிகள் வெளுத்துப் பிறக்கும், காதும் கேட்காது என்பது அவளுக்குத் தெரியும். "அப்பன் என்ன நிறம்ண்ணா?" "சுத்தக் கறுப்பும்மா. பின்னால நிக்கிறான், இப்பத்தான் குளிப்பாட்டி விட்டேன்." கேட்காததற்கும் சேர்த்துப் பதில் வருகிறது. அவள் வெள்ளைக் குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சரிவில் மந்தையைத் திருப்பும் சீட்டியை அடிக்கிறாள். மற்ற குட்டிகள் துள்ளித் திரும்புகின்றன. பின்வாசல் வழியாக அப்பன் பாய்ந்து வருகிறது. மடியிலிருப்பது மட்டும் அவள் விரலைச் சப்பிக்கொண்டே இருக்கிறது. நாய்க்காரர் தொண்டையைச் செருமுகிறார். "மடி கிடைச்ச சொகுசு, வேறென்ன." அவள் அப்பனின் ஈர முதுகை நீவிக்கொடுக்கிறாள், கழுத்திலிருந்து வால்வரை, நிதானமாக. விரல்கள் போன தடத்தில் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கிறது. "நல்ல கறுப்புதான்ண்ணா," என்று சாயம் ஒட்டிய உள்ளங்கையை அவர் முன்னால் விரிக்கிறாள்.